இருபது நிமிஷம் முந்தி ஓடிய கடிகாரம்

“கடிகாரத்துல கை வச்சது யாரு?”

“அது இருக்கட்டும், ரயில் என்னாச்சு?”

“ரயிலுக்கென்ன, வந்துச்சு, போயிடுச்சு. நான் கேட்டது கடிகாரத்தை—”

“போயிடுச்சா? எட்டு பத்து ரயிலா? பன்னெண்டு மணிக்கு இண்டர்வியூவை வச்சுக்கிட்டு—”

“ஆணியிலேர்ந்து இறக்கி, முள்ளைத் திருப்பி, மறுபடி மாட்டியிருக்கு. அதுவா இறங்கி அதுவா ஏறிக்குமா?”

“நான்தான் திருப்பினேன். நேத்து சாயங்காலம். இருபது நிமிஷம் தப்பாக் காட்டுச்சு, சரி பண்ணினேன். கடிகாரத்தைச் சரி பண்ணினவனைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கிற பொண்டாட்டி உலகத்துலயே நீ ஒருத்திதான்.”

“தப்பாக் காட்டல. இருபது நிமிஷம் கூடக் காட்டுச்சு.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணு இல்ல.”

“எப்படி ஒண்ணு இல்ல?”

“எட்டு பத்துன்னு காட்டினா ஏழு அம்பதுன்னு எடுத்துக்கணும். எனக்குத் தெரியும், சுண்டுவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், கேட்டிருந்தா.”

சமையல் மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக, கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். இந்தப் பக்கம் அவன், கைலியும் பனியனுமாக, தூக்கம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்க நின்றான். விமானத்தில் வந்த அசதி நாலு நாளாகியும் இறங்கவில்லை. நடுராத்திரியில் விழித்துக்கொள்வதும் விடிந்த பிறகு அடித்துப் போட்டாற்போல் தூங்குவதுமாக இருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் அவர்கள் மகள், ஏழு வயசு, சுண்டுவிரல் போல இருக்கிறாள் என்று வைத்த பேர் நிலைத்துப்போய் சுண்டு. ரொட்டியைப் பாலில் தோய்த்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ரயில் உன்னை விட்டுட்டுப் போயிடுச்சா?”

“ஆமாண்டி.”

“டாட்டா காட்டினியா?”

“காட்டினேன்.”

“அப்பச் சரி,” என்று சுண்டு ரொட்டிக்குத் திரும்பினாள்.

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். கடிகாரத்தில் எட்டு பத்தைப் பார்த்து, ஏழு ஐம்பது என்று நினைத்து, சாவகாசமாகக் கிளம்பியிருப்பாள். ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிஷ நடை. இவள் படியேறும்போது ரயில் ரெண்டு ஊர் தாண்டியிருக்கும். கணக்கு சரியாக வந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தக் கடிகாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நீல விளிம்பு வைத்த சாதாரணச் சுவர்க் கடிகாரம். பழைய ஊரில் ஆறாவது மாடி வீட்டில் மாட்டியிருந்தது. அங்கே பள்ளி வேன் ஏழே காலுக்கு வரும். வாசலில் ஆள் இல்லையென்றால் ஹாரன்கூட அடிக்காமல் போய்விடும். ஒரே மாசத்தில் நாலு தடவை வேனைக் கோட்டைவிட்ட பிறகு அவள்தான் முள்ளை இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தாள். அவனுக்கு அது தெரியாது. பார்சல் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவன். நாற்பது நிமிஷத்துக்குள் ஒரு லாரி நிரம்பியாக வேண்டும் என்பது அவன் பிழைப்பு. தன் மணிக்கட்டில் கட்டியிருந்ததைத் தவிர வேறெந்தக் கடிகாரத்தையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவன் பங்குக்கு அவன் கண்டுபிடித்தது காலுறை. காலையில் ரெண்டு நிமிஷம் மிச்சமாகுமே என்று முதல் நாளே குழந்தைக்குப் பள்ளிக் காலுறையை மாட்டிப் படுக்க வைப்பான். அப்படித்தான் சுண்டு ரெண்டு வருஷம் தூங்கினாள்.

பிறகு அவள் வேலை பார்த்த விதைக் கம்பெனி அவளை இந்த நாட்டுக்கு மாற்றியது. விதை முளைக்கிறதா, எத்தனை நாளில் முளைக்கிறது என்று சோதிக்கிற வேலை. தலைமை அலுவலகம் பெரிய நகரத்தில். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைத் துணிகளுக்கு நடுவில் சுருட்டிக்கொண்டு வந்தாள். அவன் பின்னாலேயே வருவதாகப் பேச்சு. நகரத்தில் எட்டு மாசம் இருந்தாள். ஊர் மாறியதே தவிர ஓட்டம் மாறவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மூச்சிரைக்கக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், சுண்டு முதுகில் பையை மாட்டிக்கொண்டு, ஷூவைக் கழற்றாமல், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். “மூணு மணியிலேர்ந்து ரெடியா இருக்கேம்மா” என்றாள். மறுநாளே அவள் கம்பெனியின் நாற்றுப் பண்ணைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். மூன்று மணி நேர ரயில் தூரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஸ்டேஷன், நாலு கடை, ஒரு பண்ணை.

இப்போது தலைமை அலுவலகத்தில் பிரிவுத் தலைவியின் நாற்காலி காலி. அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அது கிடைத்துவிட்டால் நகரத்துக்குக் குடிபோகலாம். நகரத்தில் தெருவுக்குத் தெரு கிடங்கு. அவனும் பழைய வேலையை உதறிவிட்டு வந்து சேர்ந்துகொள்வான். இங்கேயே இருந்தால் அவன் அங்கே, இவர்கள் இங்கே. ஒரு மாச விடுப்பில் வந்தவன், வந்த அன்றைக்கே சொல்லிவிட்டான். “இந்த ஊர்ல எனக்கு என்ன வேலை இருக்கு? சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பனா?” அவள் இண்டர்வியூவுக்குச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

“ஸ்டேஷன்லேர்ந்தே போன் பண்ணிட்டேன்,” என்றாள் இப்போது, கைப்பையை இறக்கி வைத்து. “வியாழக்கிழமை அதே நேரத்துக்கு வரச் சொல்லிட்டாங்க. வானம் இடிஞ்சு விழுந்துடல.”

“நாளை மறுநாள்.”

“நாளை மறுநாள்தான்.”

“அன்னைக்கு நான் தூங்கப் போறதில்ல. உன்னை நானே கொண்டுபோய் ரயில்ல ஏத்திட்டு வரேன்.”

“ஏத்துங்க.”

“அப்பா,” என்றாள் சுண்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. “பால் வண்டி எப்ப வரும் தெரியுமா?”

“ஆறு மணிக்கு.”

“ஆறு இருபதுக்கு.”

“ஆறுடா. முந்தாநாள் முழிச்சுக்கிட்டுக் கிடந்தேன், வண்டி சத்தம் கேட்டுச்சு. போன்ல டாண்ணு ஆறு. இதுல ஆறு இருபது. அதுலதானே கடிகாரம் தப்புன்னே கண்டுபிடிச்சேன்.”

“எங்க வீட்டுல ஆறு இருபதுக்குத்தான் வரும்,” என்றாள் சுண்டு, மேலே பேச்சுக்கு இடமில்லை என்பது மாதிரி.

மனைவி அதற்குள் உள்ளே போய், மண்கறை படிந்த பழைய சட்டையில் திரும்பி வந்தாள். “பண்ணைக்கு லீவு சொல்லியாச்சு. ஆனா நாத்துக்குச் சொல்லல. தக்காளி மூணாவது இலை விட்டுடுச்சு, இன்னைக்கு மாத்தி நட்டாத்தான் ஆச்சு. நான் போறேன். சுண்டுவுக்குப் பள்ளிக்கூடமும் லீவு. நீங்க வீட்டுல இருக்கீங்களா, வரீங்களா?”

“சும்மா இருக்கறதுக்கு வந்தா என்ன,” என்றான் அவன்.

கிளம்புவதென்றால் அவன் பாஷையில் கிளம்புவது. மூன்று நிமிஷத்தில் முகம் கழுவி, கால்சட்டை மாட்டி, வாசலில் நின்றுவிட்டான். சுண்டு படியில் உட்கார்ந்து ஷூ போட ஆரம்பித்தாள். முதலில் காலுறையை உதறிப் பார்த்தாள், உள்ளே ஏதோ குடியிருக்கிறது போல. இடது காலில் மாட்டினாள். குதிகால் மேலே வந்துவிட்டது. கழற்றினாள். திரும்ப மாட்டினாள். பிறகு நாடா. ஒரு காது வைத்தாள், இன்னொரு காது வைத்தாள், சுற்றினாள், இழுத்தாள், இரண்டு காதும் கையோடு வந்துவிட்டன.

அவன் குனிந்தான்.

“விடுங்க,” என்றாள் மனைவி.

“ஒரு செகண்டுல கட்டி விட்டுடறேன்.”

“தெரியும். விடுங்க.”

“நாத்து காத்திருக்குன்னு சொன்னே?”

“நாத்து காத்திருக்கும். இவ கட்டட்டும்.”

அவன் நிமிர்ந்து கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். கிடங்கில் ஒருவன் இப்படிக் கயிறு கட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான். பதினோரு நிமிஷம் ஆயிற்று; அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் அவனுக்குத் தெரியும். சுண்டு எழுந்து நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இன்னைக்கு ரெண்டு பக்கமும் காது ஒரே அளவு. பாருங்க.”

பார்த்தான். ஒரே அளவில்லை. “அப்படியே அச்சு,” என்றான்.

சந்து முழுக்க இளவெயில். பக்கத்தில் வாய்க்கால், அதன் ஓரத்தில் நடைபாதை. நேற்று ராத்திரி தூறியிருந்தது. கல் இடுக்கெல்லாம் ஈரம். பண்ணைக்குப் பத்து நிமிஷ வழிதான். அம்மாவுக்கும் மகளுக்கும் அது அரை மணி நேர வழி. சைக்கிள் ரிப்பேர்க் கடை வாசலில் கிழட்டு நாய் ஒன்று படுத்திருந்தது. அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட வேண்டும். மதகுக்குக் கீழே தண்ணீர் சுழிக்கிற இடத்தில் ஒரு இலையைப் போட்டு, அது எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். இலை வராவிட்டால் இன்னொரு இலை.

“தினமும் இப்படியா?”

“தினமுந்தான். அதுக்குத்தான் அந்த இருபது நிமிஷம்,” என்றாள் மனைவி. “அங்க அதைப் பயத்துக்கு வச்சிருந்தோம். இங்க வந்தப்புறம் அது என்னமோ கையில மிஞ்சிப்போச்சு.”

“மிஞ்சினா எடுத்துட வேண்டியதுதானே? எதுக்குப் பொய் நேரம்?”

“மிஞ்சறதை எடுத்துட்டா அப்புறம் மிஞ்சுமா?”

“இது ஒரு பேச்சா?”

“அம்மா, வந்துடுச்சு, இந்தப் பக்கம் வந்துடுச்சு!” என்று சுண்டு கத்தினாள். மூன்று பேரும் மதகின் மறுபக்கம் ஓடிப்போய், இலை போவதைப் பார்த்தார்கள். அவன் கொஞ்சம் முன்னாலேயே ஓடிவிட்டான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பண்ணை என்றால் பெரிய கூரை எதுவும் இல்லை. இரும்புக் கம்பிகளில் கட்டிய பச்சை நிழல்வலை, கீழே நீள நீளமாக மரமேசைகள், மேசை மேல் குழித்தட்டுகள். பணியாரச் சட்டியைப் பிளாஸ்டிக்கில் பெரிதாகச் செய்தது போல, ஒரு தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி. விதைப்பெட்டியில் முடியைப் போல நெருக்கமாக முளைத்த நாற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, குழிக்கு ஒன்றாக நட வேண்டும். அதுதான் வேலை. பண்ணையை நடத்துகிறவள் உள்ளூர்க்காரி. முறம் போல ஒரு தொப்பி எப்போதும் தலையில். சுண்டு அவளுக்கு வைத்த பேர் தொப்பியம்மா. அவனுக்கு இந்த ஊர்ப் பாஷையில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். சுண்டு ஒரு வருஷத்தில் அதைத் தண்ணீராகப் பேசினாள். அதனால் அன்றைக்கு அவனுடைய வாயும் காதும் அவள்தான்.

“இந்தக் குச்சியால வேரோட நெம்பணும். இப்படி. இலையைப் பிடிக்கணும். குழியில இறக்கி, ரெண்டு விரலால மண்ணை அணைக்கணும். அழுத்தக் கூடாது, அணைக்கணும்,” என்று மனைவி காட்டினாள்.

“அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான். நெம்பு, பிடி, இறக்கு, அணை. நாலு அசைவு. நாலை மூன்றாக்க முடியுமா என்று பத்தாவது குழியிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டான். இடது கையில் ஐந்தாறு நாற்றைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சரசரவென்று இறக்கினான். மனைவி ஒரு தட்டு முடிப்பதற்குள் அவன் மூன்று முடித்துவிட்டான். நிமிர்ந்து பார்த்தான், யாராவது பார்க்கிறார்களா என்று. தொப்பியம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் வந்து தட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து ஏதோ சொன்னாள்.

“என்னடா சொல்றாங்க?”

“நீங்க ரொம்ப வேகமாம்.”

அவன் முகம் மலர்ந்தது. “நன்றின்னு சொல்லு.”

“அது பாராட்டு இல்லப்பா.”

ஒரு மணி நேரம் கழித்து வெயில் வலைக்கு மேலே ஏறியபோது விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. மனைவி நட்ட தட்டு அப்படியே நின்றது. அவன் நட்ட மூன்று தட்டும் திருவிழாக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களைப் போல வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன.

“தண்ணி பத்தலையோ?”

அவள் ஒரு நாற்றைத் தூக்கிக் காட்டினாள். இலைக்குக் கீழே தண்டு நூல் போல நசுங்கியிருந்தது. “கழுத்தைப் பிடிச்சிருக்கீங்க.”

“இலையைத்தான் பிடிச்சேன்.”

“முதல் நாலஞ்சுக்கு இலையைப் பிடிச்சீங்க. அப்புறம் வேகத்துல எதைப் பிடிச்சோம்னே தெரியாமப் போயிருக்கும். இலை கிழிஞ்சா ஒண்ணுமில்ல, வேற இலை விடும். தண்டு ஒண்ணுதான் இருக்கு.”

அவள் திட்டவில்லை, பக்கத்து மேசைக்கு விதைப்பெட்டியை நகர்த்தி, அவன் சாய்த்த தட்டுகளைத் திரும்ப முதலிலிருந்து நட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. காலையில் தவறவிட்ட ரயிலுக்காக இவளைத் திட்டக் காத்திருந்தவன், இருநூற்றுச் சொச்சம் நாற்றைக் கழுத்தை நெரித்துவிட்டு நின்றான்.

சுண்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் ஏறி நின்றாள். “அப்பா, நான் ஒண்ணு நடுவேன். அப்புறம் நீங்க ஒண்ணு. நான் நட்டு முடிக்கற வரைக்கும் நீங்க தொடக் கூடாது.”

“சரிங்க மேடம்.”

“சிரிக்கவும் கூடாது.”

அவள் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு ஒரு நாற்றை நெம்பினாள். வேரில் ஒட்டிய மண்ணை உதிரவிடாமல், இலையின் ஓரத்தை மட்டும் பிடித்து, தூங்குகிற குழந்தையைக் கட்டிலில் போடுவது போல இறக்கினாள். அவன் காத்திருந்தான். அப்புறம் அவன் ஒன்று. திரும்பக் காத்திருந்தான். முதல் அரை மணி நேரம் முதுகில் எறும்பு ஊர்வது போல இருந்தது. அதற்கப்புறம் எறும்பைக் காணோம். எப்போது போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. பகல் சாப்பாட்டுக்குள் அப்பாவும் மகளுமாக முடித்தது ஒன்றரைத் தட்டு.

சாப்பாடு தூக்குப் பாத்திரத்தில் வந்திருந்தது. சாதம், பருப்பு, வதக்கின பீன்ஸ், ஆளுக்கு ஒரு முட்டை. பண்ணையின் பின்பக்கம் சாக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முடிந்ததும் அவன் எழுந்து கை கழுவிவிட்டு மேசைப் பக்கம் போனான்.

“எங்க போறீங்க?”

“நாத்து நட.”

“ரெண்டு மணி வரைக்கும் ஒண்ணும் கிடையாது. வெயில்ல வேரைத் திறக்கக் கூடாது.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் சும்மாதான்.”

அவன் உட்கார்ந்தான். எழுந்தான். போனை எடுத்துப் பார்த்தான். தட்டுகளை எண்ணினான். திரும்ப வந்து உட்கார்ந்தான். தொப்பியம்மா எதிர் மூட்டையில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, கைகளை வயிற்றின் மேல் கோத்து வைத்திருந்தாள். தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா தெரியவில்லை.

“அப்பா, இங்க சும்மா உக்காந்திருந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க,” என்றாள் சுண்டு. கொட்டாவியோடு ஷூவைக் கழற்றினாள், காலுறையைக் கழற்றி ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் ஒன்றாகத் திணித்தாள், அம்மா மடியில் தலையும் அப்பா மடியில் காலுமாக நீட்டிப் படுத்தாள். ரெண்டு நிமிஷத்தில் தூங்கிப் போனாள்.

வலையின் மேல் எங்கிருந்தோ வந்த ஒரு மேகம் நாலு துளி போட்டுவிட்டுப் போயிற்று. அவன் மடியில் கிடந்த பாதங்களைப் பார்த்தான். பழைய ஊரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தக் கால்களை வெறுங்காலாகப் பார்ப்பான். கணுக்காலைச் சுற்றிக் காலுறையின் எலாஸ்டிக் பதிந்து, சிவப்பாக ஒரு வளையம் இருக்கும். தேய்த்தால் போகாது. இப்போது பெருவிரலால் தடவிப் பார்த்தான். வளையம் இல்லை. மண் அப்பிய, கொஞ்சம் காய்த்துப்போன, சூடான சாதாரணக் கால்.

“இப்பல்லாம் எப்படித் தூங்கறா?”

“வெறுங்காலோடதான். முதல் மாசம் காலுறையைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தூங்குவா. அப்புறம் விட்டுட்டா.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே நீ.”

“போன்ல என்னன்னு சொல்றது? நீங்க எப்பவும் ஒரு லாரிக்கும் இன்னொரு லாரிக்கும் நடுவுலதானே பேசுவீங்க.”

அவன் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கை மரத்துப் போனபோதும் நகர்த்தவில்லை.

மூன்று மணிக்கு லாரி வந்தது. தயாரான நாற்றுகள், நூற்றிருபது தட்டு, மூன்று அடுக்கு ஏற வேண்டும். இது அவன் களம். லாரியைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. கதவு அகலத்தைக் கையால் அளந்தான், தரையில் கிடந்த பலகைகளைப் புரட்டிப் பார்த்தான்.

“சுண்டு, அவங்களைக் கேளு. எப்பவும் எப்படி ஏத்துவாங்க?”

சுண்டு கேட்டுவிட்டு வந்தாள். “ஒண்ணு மேல ஒண்ணு வைப்பாங்களாம். பாதி வழியில பாதி செத்துப் போயிடுமாம். அப்புறம் டிரைவரைத் திட்டுவாங்களாம்.”

டிரைவர் ஒரு டம்ளர் டீயோடு சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து தலையாட்டினான்.

அவன் பலகைகளை நாலு மூலைக்கும் முட்டுக் கொடுத்து நிறுத்தினான். கீழ் அடுக்கு, அதன் மேல் நாற்றின் தலை இடிக்காத உயரத்தில் பலகை, அதன் மேல் நடு அடுக்கு. உயரமான நாற்று மேலே, குட்டை கீழே, காற்று போக ஒரு விரல் இடைவெளி. முதல் தட்டைப் பழக்கத்தில் வெடுக்கென்று தூக்கினான். நாற்றுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடுங்கின. அப்படியே நின்றான். மூச்சை விட்டான். பிறகு இரண்டு கையாலும் தாங்கி, நிறைகுடம் எடுத்துப் போகிறவன் போல நடந்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு தட்டும் அப்படியே. டிரைவர் ரெண்டாவது டம்ளர் டீ குடித்தான், மூன்றாவதும் குடித்தான். கடைசித் தட்டை ஏற்றிக் கயிற்றைக் கட்டியபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. நேரம் பார்த்துச் சொன்னவள் மனைவி.

தொப்பியம்மா லாரிக்குள் தலையை விட்டு அடுக்கடுக்காகப் பார்த்தாள். ஒரு தண்டும் சாயவில்லை. முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்றாங்க?”

“இது நல்லா இருக்காம். இது பாராட்டுதான்.”

அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். மனைவி தூரத்தில் பூவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து மகளின் காதோரம் சொன்னான்: “அம்மாகிட்ட சொல்லாதே. தொப்பியம்மாகிட்ட, சும்மாதான் கேக்கறேன்னு சொல்லு. லாரி ஏத்தத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருந்தா, இங்க வேலை இருக்குமான்னு கேளு.”

சுண்டு கேட்டாள். அவன் கேட்டதைவிட அது நீளமாக இருந்தது. தொப்பியம்மா இடுப்பில் கைவைத்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு வாக்கியம் சொன்னாள். பிறகு சிரித்தாள்.

“வாரத்துக்கு நாலு லாரி வருமாம். ஓடாம இருந்தாப் பாக்கலாமாம்.”

“அவ்வளவு நீளமா நீ என்ன கேட்டே?”

“எங்கப்பா இப்பத்தான் கத்துக்கறார், கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னும் சேத்துக் கேட்டேன்.”

திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. வாய்க்கால் ஓரமாக சுண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நாய் அதே இடத்தில், மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தது.

“வியாழக்கிழமை போறியா?” என்றான் அவன்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் உன்னைக் கேக்கறேன்.”

அவள் குனிந்து நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள். “நீங்க தனியா அங்க இருக்கீங்களேன்னுதான் போகலாம்னு நினைச்சேன். வேற ஒண்ணுமில்ல.”

“தனியா இருக்கணும்னு என்ன தலையெழுத்து? நாலு லாரி வருதாமே இங்க.”

“எந்த நாலு லாரி?”

“அப்பா, நான் சொல்லவே இல்ல!” என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது.

அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “கத்தரி நாத்து இன்னும் மாத்தாம அறுபது தட்டு இருக்கு. வியாழக்கிழமை ஆரம்பிச்சா சனிக்கிழமை முடிஞ்சிடும்,” என்றாள். அவன் சிரித்தான். மதகு வந்ததும் சுண்டு கேட்பதற்கு முன்னாலேயே அவனே ஒரு இலையைப் பறித்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் அவன் சமையலறை முக்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு ஏறினான். மனைவி முக்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அவன் கடிகாரத்தை ஆணியிலிருந்து இறக்கி, முதுகுப்பக்கத் திருகில் விரலை வைத்தான்.

“எவ்வளவு தள்ளணும்?”

“இருபது,” என்றாள் சுண்டு, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தபடி. “இன்னும். இன்னும் கொஞ்சம். போதும், போதும்! ஒண்ணு தாண்டிடுச்சு.”

“இருக்கட்டும், இருபத்தொண்ணு. என் பேர்ல ஒண்ணு,” என்று சொல்லி அவன் கடிகாரத்தை மாட்டினான். கோணலாக இல்லையே என்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு, இறங்காமலே, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“என் தப்புதாம்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொட்டிருக்கணும். பாவம், நீ காலங்காத்தால குளிச்சு, உடுத்தி, அவ்வளவு தூரம் நடந்து போய், ரயிலைக் காணாம நின்னிருக்கே.”

அவள் முக்காலியைப் பிடித்த பிடியை விடவில்லை.

“காலையில பால் வண்டி சத்தம் கேட்டப்பவே கடிகாரத்தைப் பாத்துட்டேங்க,” என்றாள். “முள்ளு ஆறுலதான் இருந்துச்சு, ஆறு இருபதுல இல்ல.”